பெயர் தெரியாத ஆத்துமாவுக்கு

"ஆறும் இருந்தா நான் மனுசன். அஞ்சு இருந்தா கொலகாரன். அம்புட்டுத்தான் தாயி. வேற ஒண்ணும் எனக்குத் தெரிய வேணாம்."

"முப்பத்தாறு வருசமா இத நீங்களே தெறந்து பாத்திருக்கலாம்ல பெரியப்பா?"

"பாக்கணும்னு எடுப்பேன். திரும்பப் பெட்டிக்குள்ள வச்சிருவேன். அப்பறம் ஒரு நா மனசத் தேத்திக்கிட்டு எடுத்தா, அது தெறக்க மாட்டேனுருச்சு. துருப்பிடிச்சு இறுகிப்போய்க் கெடக்கு."

"நீங்க அத வேணாம்னீங்க, அது ஒங்கள வேணாம்னுருச்சு."

"நக்கலு! ஒங்கப்பன் ஸ்டீவன் வாயி அப்படியே ஒனக்கு வந்து ஒட்டிக்கிருச்சு."

எண்ணெய்த் துணியின் முடிச்சை அவிழ்த்தபோது ஆக்ஸிலியாவுக்கு முதலில் மண்வாசம்தான் வந்தது. இரும்பின் வாசம் அதற்குப் பிறகு. உள்ளே இருந்த ரிவால்வர், கிழங்கு தோண்டும்போது கூடவே வந்துவிட்ட ஏதோ வேர் மாதிரி செம்பழுப்பாகக் கிடந்தது. ஆறு தோட்டாக்கள் உட்காரும் உருளை எது, அதைத் தாங்கும் சட்டம் எது என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி துரு இரண்டையும் ஒன்றாக்கியிருந்தது. அவள் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கவில்லை. மூலையிலிருந்த மணல் வாளியை இழுத்து, குழல்வாய் மணலுக்குள் இருக்கும்படி மெல்லச் சாய்த்து வைத்தாள். உள்ளே தோட்டா இருந்தால் இருக்கும். முப்பத்தாறு வருடம் தூங்கியதால் அது சாதுவாகிவிட்டது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

மலைமேல், மூஞ்சிக்கல்லில் கடைவீதி முடிந்து இறங்கும் சரிவில் அவளுடைய பட்டறை இருந்தது. அப்பா ஸ்டீவன் போன பிறகு, துப்பாக்கி பழுதுபார்க்கும் உரிமத்தைத் திண்டுக்கல்லுக்கு நடையாய் நடந்து தன் பெயருக்கு மாற்றி வாங்கியிருந்தாள். துப்பாக்கி வருவது வருடத்துக்கு ஏழெட்டுதான். மற்றபடி மருந்தடிக்கும் பம்பு, தையல் மெஷின், ஏரிக்கரையில் பலூன் சுடவைக்கும் கடைக்காரர்களின் ஏர்கன். "குறி வளைஞ்சிருக்கு, நிமித்திராத, நிமித்துனா எனக்குப் பலூன் மிஞ்சாது" என்று கெஞ்சுகிற வாடிக்கையாளர்களும் உண்டு.

எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்த உபகாரம் அப்பாவின் சிநேகிதர். ஞானஸ்நானத்தின்போது அவளைக் கையில் ஏந்தி நின்றவர். எழுபத்திரண்டு வயது. இப்போது மன்னவனூரில் கிழங்கும் காரட்டும் போடுகிறார். அதற்கு முன்னால் பெரும்பாறைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். சம்பளப் பையைக் காட்டுப் பாதையில் தூக்கிக்கொண்டு போகிற வேலை என்பதால் அவருக்கு ரிவால்வர் உரிமம் கிடைத்தது. வேலை போயும் உரிமம் போகவில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் மலைமேல் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஸ்டேஷனில் ஒப்படைப்பதுபோல அவரும் கொண்டுபோய்க் கொடுப்பார். அவர்கள் ஒரு சீட்டைக் கட்டி வைப்பார்கள். ரிஜிஸ்டரில் 'துருப்பிடித்தது, இயங்காது' என்று எழுதிக்கொள்வார்கள். முடிவு வந்ததும் வாங்கி வந்துவிடுவார். இந்தத் தடவை ஸ்டேஷன் ரைட்டர் ஜோதிமணி விடவில்லை.

"சின்னப் பொண்ணு தாயி. ஒன் வயசுதான் இருக்கும். 'இந்தத் துருக்கட்டிய வச்சு இன்னும் எத்தன எலெக்சன் ஓட்டுவீங்க தாத்தா? உள்ள லோடு இருக்கா இல்லையான்னு லைசென்சு உள்ளவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. இல்லாட்டி சரண்டர் பண்ணுங்க'ன்னுட்டா. யாரோ ஒருத்தன் தெறக்கத்தான் போறான். அது நீயா இருக்கட்டும்னு கொண்டாந்தேன்."

பிறகு அவர் அந்தச் சனிக்கிழமையைச் சொன்னார். அவள் அப்பாவிடம்கூடச் சொல்லாததாம்.

நவம்பர் மாதம். சம்பளம் போட்டு முடித்து, பஸ் மாறி, ரிவால்வரை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு மன்னவனூருக்கு வந்து இறங்குகிறார். மேகம் தரையோடு கிடக்கிறது. தன் கிழங்குக் காட்டுக்குள் கறுப்பாக ஏதோ குனிந்து நிற்பதைப் பார்க்கிறார். போன வாரம்தான் காட்டுமாடு இறங்கி அரைக் காட்டை மிதித்துவிட்டுப் போயிருந்தது.

"மாடுன்னேதான் நெனச்சேன். வெரட்டுறதுக்கு மேல பாத்துச் சுட்டா போதும். வயித்தெரிச்சல்ல நேராவே நீட்டிட்டேன். டமார்னுச்சு. மூணு நாளைக்குக் காது கேக்கல. சத்தம் கேட்டதும் அந்த மாடு நிமிந்துச்சு தாயி. நிமிந்தா ரெண்டு காலு. கறுப்புக் கம்பளியத் தலையோட போத்துன ஒரு ஆளு. என்னயப் பாத்தான். அப்பறம் மேகம் மூடிருச்சு."

"விழுந்தத பாத்தீங்களா?"

"விழுந்ததையும் பாக்கல, ஓடுனதையும் பாக்கல. மறுநா வெள்ளனே போய்த் தேடுனேன். ரத்தம் இல்ல, காலடி இல்ல. ஊர்ல ஒருத்தரும் கொறையல. ஆனா கெழங்கு தோண்டுற நேரம், எங்கெங்கயோ இருந்து ஆளு வரும். அதுல ஒருத்தன் கொறஞ்சா எவன் எண்ணிப் பாக்கப்போறான்?"

அன்று முதல் ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை ஊர்க் கோயிலில் அவர் பூசை ஒப்புக்கொடுத்தார். யாருக்காகப் பூசை என்று எழுதும் சீட்டில் 'பெயர் தெரியாத ஆத்துமாவுக்காக, உபகாரம்' என்று எழுதுவார். உபதேசியார் பூசைக்கு முன் அதை உரக்கப் படிப்பார். முதல் வருடம் ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டது. ஊர்ப் பிள்ளைகள் அவரையே 'பேர் தெரியாத தாத்தா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

"அஞ்சுதான் இருந்துச்சுன்னா என்ன பெரியப்பா செய்வீங்க?"

"நேரா ஸ்டேஷனுக்குப் போவேன். நடந்தத சொல்லுவேன். அந்தப் புள்ள ஜோதிமணி எழுதிக்கிறட்டும்."

"பொணமும் இல்ல, பேரும் இல்ல. என்னன்னு எழுதுவா?"

"அது அவ சோலி. சொல்றது எஞ்சோலி." எழுந்து, பனித்தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். "எங்கிட்ட பொய் மட்டும் சொல்லிராத. நீ நல்லதுக்குன்னு சொல்லுவ. அதான் பயம்."

ஆக்ஸிலியா அன்றே வேலையை ஆரம்பித்தாள். வேலை என்றால் பெரும்பாலும் காத்திருப்பதுதான். மண்ணெண்ணெயில் ஊறப்போடுவது, பிறகு துடைப்பது, மூங்கில் சிம்பால் கசடைச் சுரண்டுவது, எண்ணெய் விடுவது, மறுபடி ஊறப்போடுவது. சுத்தியலை எடுத்தால் ஆபத்து, சூடு காட்டினால் அதைவிட ஆபத்து. துருவுக்கு அவசரம் இல்லாதபோது தானும் அவசரப்படக் கூடாது என்று அவள் பழகியிருந்தாள். முதல் நாள் முடிவில் ஒரு திருகாணியின் தலை மட்டும் வெளியே தெரிந்தது.

இரண்டாம் நாள் மதியம் மூன்று மணிக்கு வழக்கம்போல் மேகம் இறங்கியது. பட்டறை வாசலிலிருந்து பார்த்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்சுவர் இருக்கும். அதன்மேல் சாய்ந்து ஒரு ஆள் நின்றிருந்தான். தலையோடு சேர்த்துக் கறுப்புக் கம்பளி. மேல்மலை பஸ்ஸுக்காக நிற்கிறவன் என்று நினைத்துக்கொண்டு அவள் குனிந்து வேலையைப் பார்த்தாள். பஸ் வந்தது, போனது. அவன் நின்றான்.

மூன்றாம் நாள் அவன் சுவரோரம் இல்லை. ரோட்டைத் தாண்டி, வள்ளியின் டீக்கடைக்குப் பக்கத்தில் நின்றான். தெருநாய் இரண்டும் அவன் காலடியில் சுருண்டு படுத்திருந்தன. அந்த நாய்கள் தபால்காரரைக்கூட விடாதவை.

"வள்ளிக்கா, அது யாரு?" கிளாசை வாங்கும்போது ஆக்ஸிலியா கேட்டாள்.

"ஏன், ஒன் ஆளு இல்லையா? ஒன் கடையையேல்ல பாத்துக்கிட்டு நிக்கான்."

"என் ஆளா? எனக்கு ஆளு இருந்தா நான் ஏன் ஒங்க டீயக் குடிச்சுக்கிட்டுக் கெடக்கேன்?"

"கொழுப்பப் பாரு! டீ வேணுமாண்ணேன்னு கேட்டேன். பேச்சே இல்ல. பாவம்னு ஒரு டீயப் போட்டு அந்தத் திட்டுல வச்சேன். நா வச்சது வச்சபடி கெடக்கு. பாலாட படிஞ்சு போச்சு. குடிக்கலேன்னாகூடப் பரவால்ல, அதுல கைய வச்சாவது குளிரு காயலாம்ல இந்தக் குளிருக்கு?" வள்ளி குரலைத் தாழ்த்தினாள். "மூஞ்சி பாக்கலாம்னு குனிஞ்சு பாத்தேன் ஆக்சி. கம்பளிக்குள்ள எம்புட்டுக் குனிஞ்சாலும் உள்ளுக்குள்ள போயிக்கிட்டே இருக்கு."

ஆக்ஸிலியா சிரித்துச் சமாளித்துவிட்டு உள்ளே வந்தாள். உபகாரம் பெரியப்பா சொன்ன கதையில் இருந்த ஒரே அடையாளம் அந்தக் கம்பளிதான். மலைமேல் கறுப்புக் கம்பளி போர்த்தாத கிழவன் யார் இருக்கிறான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சொன்னது சரிதான். ஆனால் மண்ணெண்ணெய் நாற்றத்தையும் மீறி, புதிதாகக் கிண்டிய கிழங்குக் காட்டின் ஈரமண் வாசம் வாசலிலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. மூஞ்சிக்கல்லில் கிழங்குக் காடு கிடையாது.

அன்று மாலைக்குள் அவளுக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. செத்தவன் வந்து நிற்கிறான். அப்படியென்றால் உள்ளே இருப்பது ஐந்துதான்.

அதன் பிறகு வேலையில் கை ஓடவில்லை. ஊறப்போட்டதை எடுக்காமலே விட்டுவிடலாமா, திறக்கவே முடியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்றெல்லாம் யோசித்தாள். எழுபத்திரண்டு வயதில் ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்து, பெயர் இல்லாத ஒருவனைக் கொன்றேன் என்று சொல்லப்போகிற மனிதரை நினைத்துப் பார்த்தாள். அப்பாவின் அடக்கத்தன்று மழையில், குழி மூடும்வரை குடை பிடிக்காமல் நின்றவர் அவர். கடைசியில் முடிவு செய்தாள். உள்ளே எத்தனை இருந்தாலும் ஆறு என்றே சொல்வது. சுட்டுக் காலியான ஒன்றை ஏரிக்குள் வீசிவிடுவது. பெரியப்பா பார்க்கக் கேட்டால், ஆறையும் ஸ்டேஷனில் ஒப்படைத்தாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சாமியாரிடம் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவைத்தாள்.

நான்காம் நாள் மேகம் வந்தபோது அவன் பட்டறையின் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்றான். அவள் பாதிக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தாள். கதவின் அடி இடுக்கில் தெரிந்த காலில் செருப்பு இல்லை. விரல் இடுக்குகளில் கறுப்பு மண், அப்போதுதான் வரப்பிலிருந்து ஏறி வந்ததுபோல் ஈரமாக இருந்தது. நிற்கிற சிமெண்டுத் தரையில் மட்டும் ஒரு தடம்கூட இல்லை.

சனிக்கிழமை காலை, வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்த பத்து மணிக்கு, உருளை அசைந்தது.

பெரிதாகச் சத்தம் ஒன்றும் வரவில்லை. ஒரு பெருமூச்சு அளவுக்கு ஒரு கிரீச், அவ்வளவுதான். கட்டைவிரல் அளவு விலகி, பிறகு முழுதும் வெளியே சாய்ந்தது. ஆக்ஸிலியா முதலில் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை. பிறகுதான் உருளையைப் பார்த்தாள்.

ஆறு அறை. ஆறிலும் பித்தளை பச்சை பூத்து உட்கார்ந்திருந்தது.

காலித் தோட்டாவும் வெளியிலிருந்து பார்க்க அப்படித்தான் இருக்கும் என்பதால் அவள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். நான்கு தானாக வந்தன, இரண்டு எண்ணெய் விட்ட பிறகு வந்தன. ஆறின் முனையிலும் ஈயம் இருந்தது. சுட்ட தோட்டா என்றால் பின்பக்கத்து நடுவில் ஊசி குத்திய குழி விழுந்திருக்கும். ஆறையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். ஒன்றில்கூடக் குழி இல்லை. அந்தச் சனிக்கிழமை இந்த ரிவால்வரின் விசை இழுபடவே இல்லை.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. போனை எடுத்தாள்.

"பெரியப்பா, வாங்க."

"எத்தன?"

"நேர்ல வாங்க. போன்ல சொன்னா நம்ப மாட்டீங்க."

"அப்ப அஞ்சு" என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

மன்னவனூர் பஸ் அவரைக் கொண்டுவந்து இறக்கும்போது மூன்று மணி ஆகிவிட்டது. கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைக்கூட அவர் மாற்றவில்லை. ஸ்வெட்டர் பைக்குள் ஆதார் அட்டையும், கையிலிருந்த துணிப்பைக்குள் மாற்று வேட்டி ஒன்றும், பிரஷ்ஷும் இருந்தன. ஸ்டேஷனுக்கு ஆயத்தமாக வந்திருந்தார்.

ஆக்ஸிலியா வெள்ளைத் துணிமேல் வரிசையாக நிறுத்தியிருந்த ஆறு தோட்டாக்களைக் காட்டினாள்.

அவர் எண்ணினார். விரலால் தொட்டுத் தொட்டு மறுபடியும் எண்ணினார். "நீ வாங்கி வச்சுட்ட" என்றார்.

"எங்க வாங்குறது? இந்தத் தோட்டா இப்ப வர்றதே இல்ல. பச்சையப் பாருங்க, ஆறும் ஒண்ணுபோலப் பூத்திருக்கு. ஒரே வீட்டுப் புள்ளைக மாதிரி." கண்ணாடியை அவர் கையில் கொடுத்தாள். "பின்னாடி நடுவுல குழி இருக்கா சொல்லுங்க. சுட்டிருந்தா இருக்கணும்."

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆறாவதைப் பார்க்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"எனக்குச் சத்தம் கேட்டுச்சே தாயி."

"கெழங்கு நேரம். வரப்ப ஒட்டியே எவனாவது பன்னிக்கு வெடி போட்டிருப்பான், அதான் காது அடச்சிருக்கு. அதே நேரத்துக்கு நீங்க நீட்டிக்கிட்டு நின்னிருப்பீங்க. பயத்துல இழுத்த மாதிரியே இருந்திருக்கும்."

"நான் சுடல."

"சுடல."

"நான் சுடவே இல்ல." உபகாரம் முக்காலியில் உட்கார்ந்தார். வாய் சிரிக்கப் போனது. கண் நிறைந்தது. ஆக்ஸிலியா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தோள் மெல்ல இறங்கியது. இத்தனை வருடத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததாக அவள் நினைத்ததெல்லாம் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததுதான் என்று அப்போது தெரிந்தது. ஸ்டேஷனுக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய தாளை எடுத்து, 'ஆறு தோட்டாக்கள் அகற்றப்பட்டன' என்று அவள் எழுத ஆரம்பித்தாள்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே தோள் மறுபடி இறுகியது.

"அப்ப நான் யாருக்குப் பூசை வச்சேன்?"

"என்ன பெரியப்பா?"

"இன்னைக்கு மொதச் சனிக்கெழம. காலைலகூடப் படிச்சாங்க. முப்பத்தாறு வருசம், மாசந்தவறாம. யாரு பேருக்கு?"

"யாரோ ஒரு ஆத்துமாவுக்குப் போயிருக்கும். ஜெபம் வீணாப் போகாது."

"வீணாப் போகலேன்னுதான் தாயி நான் பயப்படுறேன்."

பேனா நின்றது. வெளியே மேகம் இறங்கி, வள்ளியின் கடை அடுப்பு மங்கலான ஒரு சிவப்புப் புள்ளியாக மட்டும் தெரிந்தது.

"ஒங்கிட்ட ஒண்ணு சொல்லல" என்றார் உபகாரம். வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், திரும்பவில்லை. "நான் பூசை வைக்க ஆரம்பிச்ச ஆறாவது மாசத்துல இருந்து, மேகம் எறங்குனா என் காட்டு ஓரத்துல ஒருத்தன் வந்து நிப்பான். கறுப்புக் கம்பளி. நான் பயப்படல. என் கையால செத்தவன், எங்கிட்ட வராம வேற யாருகிட்ட போவான்? மன்னிப்புக் கேட்டேன். மொதக் கெழங்கு எடுத்தா அவனுக்குன்னு ஒரு குவியல வரப்புல வப்பேன். ஒரு வகையில எனக்கு அவன் துணையாக்கூட இருந்தான். கொன்னவன் வீட்டுல செத்தவன் வந்து நிக்கிறதுல ஒரு ஞாயம் இருக்கு." மூச்சு வாங்கினார். "இந்த ஒரு வாரமா அவன் காட்டுப் பக்கம் வரல. கணக்கு முடிஞ்சு போய்ட்டான்னு நெனச்சேன்."

ஆக்ஸிலியா நிமிர்ந்தாள். அவளுக்கு எதிரில்தான் வாசல் இருந்தது.

"நான் கொல்லவே இல்லேன்னா, அன்னைக்கு என் காட்டுல நிமிந்து பாத்தவன் உசுரோட அவன் வீட்டுக்குப் போயிருப்பான். பொண்டாட்டி புள்ளையோட நல்லா இருந்திருப்பான். அப்ப இவன் யாரு? யாருக்கும் சொந்தமில்லாத பூசைய, மாசாமாசம் பேரு போடாம, கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குடுத்திருக்கேன். அத வாங்கிக்கிட்டு முப்பத்தாறு வருசமா பக்கத்துலயே நிக்கிறானே, அவன் யாரு?"

ஈரமண் வாசம் பட்டறை முழுக்க நிறைந்தது. வாசற்படிக்கு மேலே, இன்றுவரை அவன் ஏறாத அந்த ஒற்றைப் படிக்கு மேலே, வெறுங்கால் இரண்டும் இருந்தன. கம்பளியின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டுவது தெரிந்தது, விழுகிற சத்தம் இல்லை. நாய்கள் இரண்டும் அவனுக்குப் பின்னால் வாலை மடித்து, சொந்தக்காரனுக்குக் காத்திருப்பவைபோல் உட்கார்ந்திருந்தன.

"பின்னாடி நிக்கிறான்ல?" உபகாரம் மெதுவாகக் கேட்டார்.

"நிக்கிறாரு."

"மண்ணு வாசம் வந்தப்பவே தெரியும். எத்தனையோ தடவ கேட்டிருக்கேன் தாயி. எங்கிட்ட வாயத் தெறக்கமாட்டான். மொகத்தையும் காட்டமாட்டான்." அவர் கை நீண்டு, எண்ணெய் படிந்த அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. குளிர்ந்திருந்தது. "நீ அவனுக்கு ஒண்ணும் செய்யல. ஒங்கிட்ட அவனுக்கு வழக்கு இல்ல. எனக்காக ஒரே ஒரு தடவ, பக்கத்துல போயி, ஒம் பேரு என்னன்னு கேட்டுட்டு வாறியா ஆக்சி?"